அரியலூர் ஓடுகளும் அமிலக் கடலும்: ஒரு கேள்வி வளர்ந்த வரலாறு

ஆரணியில் பட்டுத்தறிகள் நிற்கும் மண்ணுக்கு அடியில் இருப்பது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான நைஸ், சார்னோக்கைட் பாறை. அதில் ஓடுள்ள உயிர் எதன் தடமும் இராது. நேர்த்தெற்கே ஏறத்தாழ 170 கி.மீ. போனால் அரியலூர். அங்கே சிமென்ட்டுக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல் குழிகளில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. கிரிட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுச் சென்றவை அவை.

இவை முதலில் அறிவுலகின் கண்ணில் பட்டது 1840களில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் போன்றோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் பொறுக்கிச் சேர்த்த ஓடுகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். 1862இல் ஹெச்.எஃப். பிளான்ஃபோர்ட் இப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா 1873 வரை இனம் இனமாக எழுதிக் குவித்தார். எது, எந்தக் காலத்தது என்பதே அன்றைய கேள்வி. ஏன் அழிந்தது என்று கேட்க அவர்களிடம் கருவியும் இல்லை, அவசரமும் இல்லை.

ஆனால் கேள்விக்கான பொருள் அங்கேயே இருந்தது. அரியலூர் அடுக்குகளில் அம்மோனைட்டுகள் என்னும் சுருள்ஓட்டுக் கடலுயிரிகள் உண்டு. அவற்றுக்கு மேலே, பின்னாளில் தனியே பிரிக்கப்பட்ட நின்னியூர் அடுக்கில் அவை இல்லை. அங்கே கிடைப்பது அவற்றின் தூரத்து உறவான நாட்டிலஸ் வகை ஓடு. இரண்டுமே அரகோனைட் என்னும் எளிதில் கரையும் சுண்ணாம்பால் ஓடு கட்டியவை. ஆகவே ஒன்று அழிந்து மற்றது தப்பியதை ஓட்டின் பொருளை மட்டும் காட்டி விளக்கிவிட முடியாது. அம்மோனைட் குஞ்சுகள் மில்லிமீட்டர் அளவில் மேல்நீரில் மிதந்தவை என்றும், நாட்டிலஸ் குஞ்சு முட்டையிலிருந்தே பெரிதாக, ஆழமான நீரில் வெளிவந்தது என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். கடல் அமிலமானால் முதலில் தாக்கப்படுவது மேல்நீர்தான். எனக்கு இந்த விளக்கமே வலுவாகத் தோன்றுகிறது.

கிரிட்டேசியஸ் முடிவில் அவை அழிந்த அந்தத் தருணத்தையே அரியலூரில் பார்க்கலாமே என்றால், வாய்ப்பில்லை. கடல் பின்வாங்கியபின் படிந்த கல்லமேடு மணற்கல்லில் இருப்பது டைனோசர் எலும்பு. கடற்பதிவு அங்கே அறுந்துபோகிறது. அதனால் தேடல் வேறிடம் சென்றது. ராஜமுந்திரியில் தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே, அழிவுக்குப் பிந்தைய நுண்ணுயிர் ஓடுகளை கெர்ட்டா கெல்லர் குழு 2008இல் அறிவித்தது. 1980இல் அல்வாரெஸ் குழு முன்வைத்த விண்கல் மோதலுக்கு எதிராக, எரிமலைகளே முதற்காரணம் என்று வாதிட்டவர் கெல்லர்.

எரிமலைகள் கக்கும் கரியமில வாயு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. அது ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைக்கிறது. பண்டைய கடலின் அமிலத்தன்மையை எப்படி அளப்பது? போரான் வழி காட்டியது. கடல்நீரின் பி.ஹெச். மாறினால், ஓட்டில் ஏறும் போரானின் இரு ஐசோடோப்புகளின் விகிதமும் மாறும். நெதர்லாந்தின் கோல்ஹெமர்பெர்க் குகையிலிருந்து எடுத்த ஃபோராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர் ஓடுகளில் ஹெனஹன் குழு 2019இல் இதை அளந்தது. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், மோதலுக்குப் பின் உடனே பி.ஹெச். சுமார் 0.25 சரிந்திருந்தது. அதற்கு முன் படிப்படியான சரிவு தெரியவில்லை. தக்காண எரிமலைகள் பல லட்சம் ஆண்டுகள் வாயுவைக் கக்கியும், கடல் அதை ஓரளவு சமாளித்துக்கொண்டது என்றே இதைப் படிக்கிறேன்.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் இறுதி அழிவும் இதையே சொல்கிறது. ஐக்கிய அரபு அமீரகச் சுண்ணாம்புக்கல்லை ஆராய்ந்த கிளார்க்சன் குழு (2015) இரண்டு கட்டங்களைக் கண்டது. மெதுவான முதல் கட்டத்தில் கடல் அமிலமாகவில்லை. வேகமான இரண்டாம் கட்டத்தில் பி.ஹெச். 0.7 வரை விழுந்தது. ஆக, அளவைவிட வேகமே கொன்றது. பட்டுச் சாயத்தொட்டியிலும் அமிலத்தை மெல்லச் சேர்த்தால் நிறம் சீராக ஏறும். ஒரேயடியாகக் கொட்டினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

கடல் மீண்டது எப்படி என்பதில்தான் ஆரணி போன்ற ஊர்களின் பாறைக்குப் பங்கு. கரியமில வாயு கரைந்த மழைநீர் இப்படிப்பட்ட பாறையை அரிக்கும்போது கால்சியமும் பைகார்பனேட்டும் விடுபடுகின்றன. கமண்டல நாகநதி போன்ற ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுசெல்ல, கடல் மீண்டும் காரமாகி, ஓடுகளுக்குச் சுண்ணாம்பு கிடைக்கிறது. இந்தப் பழுதுபார்ப்புக்கு லட்சம் ஆண்டுக் கணக்கில் காலம் வேண்டும். நின்னியூரின் பாசிச் சுண்ணாம்புக்கல்லே கடலில் மறுபடி சுண்ணாம்பு படிந்ததற்குச் சாட்சி.

தொழிற்புரட்சிக்குப் பின் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கிலிருந்து 420ஐத் தாண்டிவிட்டது, மேற்கடலின் பி.ஹெச். சுமார் 0.1 குறைந்துள்ளது. எண்ணில் சிறிது, ஆனால் எடுத்துக்கொண்ட காலம் இரண்டே நூற்றாண்டு. இதில் அரியலூருக்கும் ஒரு பங்கு உண்டு. அங்குள்ள சூளைகளில் 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் வெந்தால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது, எரிபொருளின் புகை தனி. கிரிட்டேசியஸ் சிப்பிகள் பூட்டி வைத்த கரிமத்தின் ஒரு பகுதி இப்படி இன்றைய கடலுக்குள் கரைந்துகொண்டிருக்கிறது.