லெட்ஜர் டேலி ஆகாத இரவுகள்

போன மாதம் பாஸ்புக் பதிவதற்காக வங்கிக்குப் போயிருந்தேன். மதுரை கீழமாசி வீதிப் பக்கம், நான் பல வருஷம் வேலை பார்த்த அதே கிளை. கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். நான் பழைய ஊழியன் என்று தெரிந்ததும் உட்காரச் சொன்னாள்.

"எத்தனை வருஷம் சார் சர்வீஸ்?"

"முப்பத்தொன்பது."

"ஒரே பேங்க்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நான் அடுத்த பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன் சார். கிடைச்சா கிளம்பிருவேன்."

காலை நடைக்கு வரும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் பழைய வங்கிக்காரர்கள்தான். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிறுவனப் பற்றே கிடையாதுப்பா" என்று ஒரே குரலில் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நமக்குப் பற்று இருந்தது உண்மை. ஆனால் அது நம் பிறவிக் குணம் இல்லை. நாம் வேலை பார்த்த விதமும், நமக்குக் கிடைத்த உறுதியும் சேர்ந்து உண்டாக்கியது அது. எப்படி உண்டானது, எப்படிக் கரைந்தது என்பதை நான் பார்த்தவரை எழுதிவைக்கிறேன். கரைந்ததில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமை ஆயின. 1980 ஏப்ரலில் இன்னும் 6. 1969-ல் நாடு முழுக்க எட்டாயிரத்துச் சொச்சம் கிளைகள்தான் இருந்தன. இருபது வருஷத்தில் அது ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. கிராமம் கிராமமாக வங்கி போனது. கடன் மேளா, ஓய்வூதியம் என்று கணக்குகள் பெருகின. இத்தனைக்கும் கணக்கு எழுதியது எங்கள் கைதான். 1979-ல் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது எங்கள் கிளையில் இருந்த இயந்திரங்கள் ஒரு டைப்ரைட்டர், கைப்பிடி சுற்றும் ஒரு கூட்டல் மெஷின், ஒரு டெலிபோன். அவ்வளவுதான்.

அந்த வேலையை இளைய தலைமுறைக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செக் வந்ததும் பித்தளை டோக்கன் கொடுப்போம். லெட்ஜரைப் புரட்டி, கணக்குப் பக்கத்தில் இருப்பைப் பார்த்து, பற்று எழுதி அதிகாரிக்கு அனுப்புவோம். அவர் கையெழுத்தைச் சரிபார்த்துக் காசாளருக்கு அனுப்புவார். மாலையில் வவுச்சர்களைப் பிரித்துக் கூட்டி, டே புக் எழுதி, ஜெனரல் லெட்ஜரில் ஏற்ற வேண்டும். இது தினசரி வேலை. மாதம் ஒரு முறை பேலன்சிங். ஒவ்வொரு லெட்ஜரிலும் உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பையும் பேலன்சிங் புத்தகத்தில் வரிசையாக எழுதிக் கூட்டினால், ஜெனரல் லெட்ஜரில் இருக்கும் தொகை வர வேண்டும். பெரும்பாலும் முதல் முறையில் வராது.

ஜூன், டிசம்பர் கடைசியில் சேமிப்புக் கணக்குகளுக்கு வட்டி போட வேண்டும். ஒவ்வொரு மாதமும் 10-ம் தேதிக்கும் மாதக் கடைசிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பை எடுத்து, ஆறு மாதத்துக்கும் கூட்டி, வட்டி விகிதத்தால் பெருக்கி, 1200-ஆல் வகுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான கணக்குகளுக்கு இதைச் செய்வோம். ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். நிதியாண்டு மார்ச் 31-க்கு மாறும் முன்பு, வருஷ முடிவு டிசம்பர் 31-ல்தான். எத்தனையோ புது வருஷங்கள் எங்களுக்கு லெட்ஜர் மேஜையில்தான் பிறந்தன. பன்னிரண்டு மணிக்கு யாராவது ஒருவர் பரோட்டா பார்சல் வாங்கி வருவார்.

எங்கள் கிளையில் ஸ்பெஷல் அசிஸ்டென்டாக ஒருவர் இருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. 1966-ல் சேர்ந்தவர். அதிகாரியாகப் பதவி உயர்வு இரண்டு முறை வந்தும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஊர் மாற வேண்டும், பிள்ளைகள் படிப்பு கெடும் என்பதால். அப்போது பலரும் அப்படித்தான் செய்தார்கள். கிளார்க்காகவே இருந்தாலும் அவருக்கு இருந்த மரியாதை மேனேஜருக்கு இல்லை. காரணம், வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

நான் சேர்ந்த புதிதில் என் லெட்ஜரில் 90 ரூபாய் வித்தியாசம். இரவு ஒன்பது மணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, வித்தியாசம் எங்கேயும் ஓடிப் போயிராது. லெட்ஜருக்குள்ளதான் கிடக்கும். மொதல்ல அதைப் பாதியாக்கு. 45 ரூபாய்க்கு ஏதாவது வவுச்சர் இருக்கா பாரு. பத்து வைக்க வேண்டியதை வரவுல வச்சிருப்பே. அது இல்லேன்னா ஒன்பதால வகு. மீதி இல்லாம போச்சுன்னா இலக்கத்தை மாத்தி எழுதியிருக்கே."

இருந்தது அதுதான். 5,436 என்பதை 5,346 என்று எழுதியிருந்தேன். கண்டுபிடித்ததும் அவர் என்னைவிட அதிகம் சந்தோஷப்பட்டார். ஒருவருடைய லெட்ஜர் டேலி ஆகாவிட்டால் மொத்தக் கிளையும் டேலி ஆகாது. அதனால் யாரும் யாரையும் விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் பற்று என்று நாம் இன்று பெருமையாகச் சொல்வதன் வேர் இதுதான் என்று நினைக்கிறேன். அன்போடு நிர்ப்பந்தமும் அதில் சேர்ந்தே இருந்தது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கிளைகள் பெருகப் பெருகக் கையால் எழுதி முடியவில்லை. மாதக் கணக்கில் பேலன்சிங் நிலுவையில் கிடந்த கிளைகள் ஏராளம். கிளைகளுக்கு இடையிலான கணக்குகள் சரிபார்க்கப்படாமல் குவிந்தன. அந்த இருட்டில் மோசடி செய்தவர்களும் உண்டு. ஒரு டிராஃப்ட் எடுக்க வாடிக்கையாளர் அரை நாள் உட்கார்ந்திருந்தார். மெஷின் வந்தது யாருடைய வீம்பாலும் இல்லை. தேவை இருந்தது.

ஆனால் பயமும் நியாயமானதுதான். 1960-களில் கல்கத்தாவில் எல்ஐசி கம்ப்யூட்டரை எதிர்த்து நடந்த போராட்டத்தை எங்கள் சங்கக் கூட்டங்களில் கதை கதையாகச் சொல்வார்கள். 1983 செப்டம்பர் 8 அன்று வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயம் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டன. அப்போது ரிசர்வ் வங்கியின் துணை கவர்னராக இருந்த சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-ல் அறிக்கை கொடுத்தது. கிளைகளுக்கு லெட்ஜர் பதியும் மெஷின்கள் வரும், ஆனால் யாருக்கும் வேலை போகாது என்று சங்கம் எங்களுக்குச் சொன்னது. அப்படியும் நான் சட்டையில் எதிர்ப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வாயிற்கூட்டத்தில் கோஷம் போட்டவன்.

1987-ல் எங்கள் கிளைக்கு மெஷின் வந்தது. ஏஎல்பிஎம் என்போம். அதற்கென்று கண்ணாடித் தடுப்பு போட்டு ஓர் அறை, அதில் ஏசி. மேனேஜர் அறையில்கூட அப்போது மின்விசிறிதான். வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று ஒரு பலகை. கோயிலுக்குப் போவது போலப் போவோம். மெஷினை இயக்குகிறவருக்குத் தனிப்படி உண்டு. அதற்கு ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். பேட்ஜைக் கழற்றி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நானும் எழுதினேன். தேறினேன். வீட்டில் அப்போது இரண்டு குழந்தைகள். தனிப்படி தேவைப்பட்டது.

முதல் மூன்று மாதம் கையாலும் எழுத வேண்டும், மெஷினிலும் பதிய வேண்டும். மெஷின் சாயங்காலமே டேலி ஆகிவிடும். எங்களுக்கு அது அதிசயம். ஒரு நாள் அச்சடித்து வந்த பட்டியலை அண்ணாச்சி சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்: "ஏ தம்பி, நம்ம ரிடயர்டு வாத்தியாருக்கு ஏது பன்னிரண்டாயிரம்?"

வத்தல் வியாபாரி ஒருவர் கட்டிய பணம் அது. கணக்கு எண்ணில் 1324 என்பதை 1342 என்று நான் தட்டியிருந்தேன். பன்னிரண்டாயிரம் வரவில் போனது சரி. ஆனால் வேறு ஆள் கணக்கில் போய்விட்டது. மொத்தத் தொகை சரியாக இருந்ததால் மெஷின் டேலி என்று சொல்லிவிட்டது. கையால் எழுதும்போதும் இந்தத் தவறு நடக்கும்தான். ஆனால் பக்கத்தைப் புரட்டும்போது பெயர் கண்ணில் படும், ஆளின் முகம் ஞாபகம் வரும், கை நின்றுவிடும். மெஷினில் எனக்கு எண் மட்டும்தான் தெரிந்தது. அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லை. அதிகாரியின் ஒப்புதலோடு அன்றைக்கே திருத்த வைத்தார்.

அடுத்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கைலெட்ஜரை நிறுத்திவிடலாமா, ஏதாவது பிழை வந்ததா என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். 'பிழை எதுவும் இல்லை, நிறுத்தலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உண்மையை எழுதினால் தனிப்படி போய்விடுமோ என்ற பயம். அந்தக் குறிப்பை அண்ணாச்சியும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நான் எழுதாவிட்டாலும் கைலெட்ஜர் ஒரு நாள் நின்றிருக்கும். ஆனால் பட்டியலைப் பழகிய ஒரு கண் தினமும் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரியாவது நான் எழுதியிருக்கலாம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1993 அக்டோபர் 29 அன்று கம்ப்யூட்டர்மயத்தை விரிவாக்க ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வங்கி ஊழியர்களுக்குப் பென்ஷன் என்ற ஒப்பந்தமும் அதே தேதியில்தான். இன்று நம்மில் பலர் அந்தப் பென்ஷனில்தான் சாப்பிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. தொண்ணூறுகளில் எங்கள் கிளைக்குப் புது கிளார்க் யாரும் வரவில்லை. ஒவ்வொரு மேஜைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. எல்லோரும் மெஷினில் உட்கார்ந்தபின் என் தனித்திறமைக்கும் மதிப்பு இல்லை. எந்தத் திறமைக்காக நான் பொய் எழுதினேனோ, அதன் ஆயுள் பத்து வருஷம்கூட இல்லை.

2000-ம் ஆண்டுக் கடைசியில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருஷ சர்வீஸ் அல்லது 40 வயது ஆனவர்கள் விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷ சர்வீசுக்கு 60 நாள் சம்பளம், அல்லது மிச்சமிருக்கும் மாதங்களின் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அண்ணாச்சியும் விண்ணப்பித்தார். அவருக்கு மூன்று வருஷத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

"ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"காலையில வந்து சும்மா உட்கார்ந்திருக்கேன் தம்பி. என்கிட்ட யாரும் எதுவும் கேக்கிறதில்ல."

வழியனுப்பு விழாவில் ஒன்பதால் வகுக்கும் கதையைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். வாத்தியார் கணக்குக் கதையைச் சொல்லவில்லை. அண்ணாச்சி காலமாகி இப்போது எட்டு வருஷம் ஆகிறது. அவரிடம் ஒரு வார்த்தைகூட அதைப் பற்றிப் பேசாமலே இருந்துவிட்டேன்.

இப்போது எல்லாக் கிளைகளும் ஒரே கம்ப்யூட்டரோடு இணைந்திருக்கின்றன. 2010 ஏப்ரல் முதல் சேமிப்புக் கணக்குக்கு ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கிடைக்கிறது. கையால் எழுதிய காலத்தில் அது நடக்கிற காரியமா? வாடிக்கையாளருக்கு லாபம்தான். ஆனால் அந்தக் கவுண்டர்ப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அந்த 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு நம் பென்ஷன் கிடையாது. இரவு எட்டு மணி வரை அவளும் உட்கார்ந்திருக்கிறாள், ஆனால் இன்சூரன்ஸ் விற்கும் இலக்குக்காக. அவள் கணக்கு டேலி ஆகவில்லை என்றால் பக்கத்தில் வந்து உட்கார ஓர் அண்ணாச்சி இல்லை. நமக்குக் கிடைத்த இரண்டும் அவளுக்குக் கிடைக்காதபோது, நம்மைப் போலவே அவளும் இருக்க வேண்டும் என்று எந்த நியாயத்தில் கேட்பது?

பாஸ்புக்கை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, "பரீட்சையை நல்லா எழுதும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.