விழுந்தவளின் சாவிக்கொத்து

முதுமையில் விழுவதை எலும்புக் கணக்காக மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். யேல் பல்கலைக்கழக மருத்துவர் மேரி டினெட்டியும் குழுவினரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த வீடுகளில் வாழ்ந்த 336 முதியவர்களில் 32 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் விழுந்திருந்தார்கள். 1990இல் டினெட்டி வேறொன்றை அளந்தார்: குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கடைக்குப் போவது ஆகியவற்றை விழாமல் செய்வேன் என்கிற நம்பிக்கை.

அந்தப் பட்டியலை நான் பெண்களின் வரலாறாக வாசிக்கிறேன். அப்பாவிடமும் கணவனிடமும் அனுமதி கேட்டே வாசல் தாண்டியவள், வயதான பிறகுதான் தன்னிஷ்டத்துக்குக் கோயிலுக்கும் சந்தைக்கும் போகிறாள். ஒருமுறை விழுந்ததும், "இனி எங்கேயும் போகாதீங்கம்மா" என்று மகன் சாவியை வாங்கிக்கொள்கிறான். நடக்காத கால் தளர்கிறது. தளர்ந்த கால் மறுபடி தடுமாறுகிறது. குளியலறையில் கைப்பிடி பொருத்துவோம். சாவி அவளிடமே இருக்கட்டும்.