அடுக்களை ஏடும் அடிசில் நூலும்

சமையற்கலைக்கெனத் தமிழில் பண்டே நூல்கள் வழங்கின என்பதற்கு நம் இலக்கியங்களே சான்று பகர்கின்றன. ஓய்மானாட்டு நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த விருந்து, வீமன் இயற்றிய நூலின் நெறி பிறழாமல் ஆக்கப்பெற்றது எனச் சிறுபாணாற்றுப்படை கூறுகிறது. நாடகக் கணிகையர் கற்றுத்தேறும் கலைகளுள் மடைநூலையும் ஒன்றாக மணிமேகலை எண்ணுகிறது. மடைநூலாவது சமையல் நூல். அதன் பெயர் நிலைத்தது. நூல் நம் கைக்கு எட்டவில்லை.

பெயரிலேயே ஒரு செய்முறையைக் காத்து வைத்திருக்கும் நூலும் தமிழில் உண்டு. சமணப் புலவர் கணிமேதாவியார் இயற்றிய ஏலாதி, ஒரு மருந்துப் பொடியின் பெயரைத் தாங்கியது. ஏலம் 1 பங்கு, இலவங்கம் 2, சிறுநாவற்பூ 3, மிளகு 4, திப்பிலி 5, சுக்கு 6 எனப் பொருள்தோறும் ஒவ்வொரு பங்காக ஏறிச்செல்லும் கலவை அது. வரிசை நினைவில் நின்றால் அளவும் உடன் நிற்கும். குறிப்பேடு இல்லாத அடுக்களையிலும் மறதிக்கு இடமில்லாத அமைப்பு இது.

முழுமையான அடிசில் நூலைக் காண நாம் கன்னட நாட்டிற்குச் செல்லவேண்டும். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த சமணப் புலவர் மூன்றாம் மங்கரசர், சூபசாஸ்திரம் என்னும் நூலைச் செய்யுளாக இயற்றினார். புலால் கலவாத உணவுகளை மட்டுமே கூறும் அந்நூல், மாவுப் பண்டங்கள், பானகங்கள், பாயசங்கள், சோற்று வகைகள் என இனம்பிரித்துச் செல்கிறது. கத்தரிக்காய், வாழை, பலா ஆகியவற்றின் சமையல்களையும் தனித்தனியே தொகுக்கிறது. செய்ய வேண்டியதைத் தேடி எடுப்பதற்கு ஏற்ற பகுப்பு அது. நம் வீட்டு ஏட்டிற்கும் அப்பகுப்பு இன்றும் பொருந்தும்.

அண்மைக்கால வரலாற்றில், தனி ஒருவரின் தொகுப்பு நாடறிந்த நூலானமைக்கு எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' சான்றாகும். உறவினர் கேட்குந்தோறும் செய்முறைகளைக் கடிதத்தில் எழுதியனுப்பி வந்தவர் அவர். அவற்றை நூலாக்குமாறு உறவினர் ஒருவர் தூண்ட, 1951இல் அந்நூல் வெளிவந்தது.

நம் இல்லங்களிலும் அத்தகைய ஏடுகள் உள்ளன. பாட்டிமார் பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கத்திலும் நாட்காட்டித் தாளிலும் எழுதி வைத்தவை பல. அவற்றை எடுத்துப் படிக்கும் பெயர்த்திக்கு முதலில் தடையாவது அளவைகளே. ஆழாக்கு, உழக்கு, பலம், வீசை என்பன 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக மெட்ரிக் முறை வந்தபின் மெல்ல வழக்கொழிந்தன. 2 ஆழாக்கு 1 உழக்கு; 8 ஆழாக்கு 1 படி. பலம் ஏறத்தாழ 35 கிராம்; 40 பலம் 1 வீசை, அதாவது ஏறத்தாழ 1,400 கிராம். படியின் கொள்ளளவோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆதலின், எழுதியவர் கையாண்ட படி இன்னும் பரணில் இருப்பின், அதில் நீர் நிரப்பி மில்லிலிட்டரில் அளந்து ஏட்டின் முதற்பக்கத்தில் குறித்தல் வேண்டும். அப்பாத்திரம் பழைய விலைக்குச் சென்றுவிட்டால் அவ்வேட்டின் கணக்கும் உடன் போய்விடும்.

பெயர்த்தெழுதும்போது பழைய சொல்லை நீக்காமல் புதிய அளவை அருகில் எழுதுக. கம்பிப் பதம், உருட்டுப் பதம் போன்ற சொற்களை அவ்வாறே காத்து, கைக்கும் கண்ணுக்கும் அது எவ்வாறு புலப்படும் என்று ஒரு வரி சேர்க்க. யார் சொன்ன முறை, எவ்வூர் வழக்கு என்பதையும் குறிக்க. மூல ஏட்டை ஒருபோதும் எறிய வேண்டா.

நம்மவர்க்கு உணவு வகையால் பகுப்பது மட்டும் போதாது. நாளும் பருவமும் நோக்கிப் பகுக்கவேண்டும். பொழுது சாயுமுன் ஆக்கி உண்பதற்கு உரியவை, அட்டமி, சதுர்த்தசி விரதத்திற்குப் பின் பாரணைக்கு உரியவை, மழைக்கால நான்கு திங்களுக்கு உரியவை எனத் தனிப்பகுதிகள் அமையலாம். மாவின் காலவரை மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என்பது திகம்பர மரபு. இவ்வரையறையை மாவுப் பண்டங்களின் தலைப்பிலேயே எழுதிவிட்டால், எவ்வளவு திரிப்பது என்ற ஐயம் எழாது. கிழங்கும் பூண்டும் விலக்கிய குழம்பிற்குச் சுவையூட்டும் வழி எழுதப்பெறாது போனால், அடுத்த தலைமுறை அந்நெறியைச் சுவையற்றதென்றே கருதும்.

மடைநூலை இழந்த மொழி நம்முடையது. இல்லந்தோறும் உள்ள ஏடுகளையேனும் இழவாதிருப்போம். எழுதியவரோ, அவர் கைப்பக்குவம் அறிந்தவரோ உடனிருக்கும்போதே, ஐயங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் நன்று. இவ்விழா நாள்களில் உறவினர் ஒருங்கு கூடும் அடுக்களையே அதற்கு ஏற்ற இடம்.