பத்தியமும் தேங்காய் எண்ணெயும்

எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்கு ஈரல் மாற்று ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பத்து மாதம்தான் ஆகிறது. பிறவியிலேயே பித்தக்குழாய் அடைப்பு. பெற்றவளே தன் ஈரலில் ஒரு துண்டு தரப்போகிறாள். சென்னையில் டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த தாளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் பாட்டி போன வாரம் என் திண்ணைக்கு வந்தார்.

"அண்ணா, நீங்க ஆபீஸ்ல ஃபைல் பாத்தவங்க. சரியாப் படிச்சுச் சொல்லுங்க. காமாலைப் புள்ளைக்குத் தேங்காயெண்ணெய் ஊத்தச் சொல்லிருக்கு. பருப்பும் குடுக்கணுமாம். தப்பா எழுதிட்டாங்களா?"

தாளில் தப்பில்லை. ஆனால் பாட்டியின் பயம் எனக்குப் பழகிய பயம்.

1958-ல் நாங்கள் காரைக்காலில் இருந்தோம். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என் கடைசித் தம்பிக்கு ஒன்றரை வயது. வயிறு உப்பி, கைகால் சூம்பி, கண் மஞ்சளாகிவிட்டது. குலைக்கட்டி என்றார்கள். மெட்ராஸிலிருந்து ஜம்மி லிவர்க்யூர் வரவழைத்தார் அப்பா. மருந்தோடு பத்தியமும் வந்தது. எண்ணெய், நெய், பருப்பு எதுவும் கூடாது; உப்பில்லாத கஞ்சியும் நீர்மோரும்தான். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவன் அழுவான். அதனால் அவனைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீடு நிறைய நெல் கிடந்த தை மாதத்தில் அவன் போனான்.

யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஈரல் கெட்டால் அதற்கு வேலை கொடுக்காதே என்பதுதான் அன்றைய நியாயம். கேட்டால் சரியாகத்தான் படும்.

பால் வைத்த பித்தளைப் பாத்திரத்தைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. கும்பகோணத்துப் பித்தளை எங்களுக்குப் பெருமை. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துபோனால் பாலில் செம்பு இறங்கும். அது பச்சைக் குழந்தையின் ஈரலில் போய்ச் சேரும். இந்தியக் குழந்தைகளுக்கு வந்த சிரோசிஸுக்கு இது காரணமாக இருக்கலாம் என்று 1983-ல் லான்செட் இதழில் எழுதினார்கள். எவர்சில்வர் வந்தபின் அந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தம்பிக்கு வந்தது அதுதானா என்று இனி எந்த ஃபைலைப் புரட்டியும் தெரியப்போவதில்லை.

பித்தக்குழாய் அடைப்பு வேறு கதை. ஜப்பானில் மோரியோ கசாய் என்ற சர்ஜன் 1950-களில் குடலை நேரே ஈரலோடு இணைத்துப் பித்தம் வடிய வழி செய்தார். அதுவும் பலிக்காத குழந்தைகளுக்கு ஈரலையே மாற்ற வேண்டியிருந்தது. 1963-ல் அமெரிக்காவின் டென்வரில் டாக்டர் ஸ்டார்ஸ்ல் முதன்முதலில் முயன்றது இந்த நோயுள்ள மூன்று வயதுக் குழந்தைக்குத்தான். ரத்தப்போக்கு நிற்காமல் ஆபரேஷன் மேசையிலேயே குழந்தை இறந்தது. உயிரோடிருப்பவரின் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைக்கும் முறை 1989-ல் பலித்தது. இந்தியாவில் 1994-ல் சட்டம் வந்தது. 1998 நவம்பரில் டெல்லி அப்போலோவில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, 20 மாதம், அப்பாவின் ஈரல் பொருத்தப்பட்டது. இந்த நாட்டில் குழந்தைக்கு வெற்றியாக நடந்த முதல் ஈரல் மாற்று அதுதான். அந்தப் பிள்ளை வளர்ந்து டாக்டராகிவிட்டார்! அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில், பிறந்து ஐந்தே நாளான சிசுவுக்கு ஈரல் மாற்றியவர் டாக்டர் முகமது ரேலா. நம் மயிலாடுதுறைப் பக்கத்துக்காரர்.

கத்தி பிடிக்கும் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். கத்திக்கு முன்னால் அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டியவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. பாட்டியிடம் நான் சொன்னது அதைத்தான்.

பித்தம் குடலுக்கு வராவிட்டால் சாப்பிட்ட கொழுப்பு செரிக்காது. அதோடு ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் வீணாகும். தேங்காய் எண்ணெயில் நிறைய உள்ள ஒருவகைக் கொழுப்புக்கு மட்டும் பித்தம் அவ்வளவாகத் தேவையில்லை, நேரே ரத்தத்தில் சேர்ந்துவிடும். கெட்ட ஈரலால் சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் சதையையே எடுத்து எரிக்கும். ஆகவே மற்றக் குழந்தைகளைவிட ஒன்றேகால், ஒன்றரை மடங்கு சாப்பாட்டுச் சத்து வேண்டும். வாயால் முடியாவிட்டால் மூக்கில் குழாய் போட்டு இரவிலும் பால் விடுகிறார்கள். மூளை மயக்கம் வந்தாலொழிய பருப்பை நிறுத்துவதில்லை. மெலிந்து போன குழந்தைக்கு ஆபரேஷனுக்குப் பின் கிருமி தொற்றுவதும் அதிகம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாளும் அதிகம். பழைய பத்தியத்தில் உப்புக் குறைப்பு மட்டும் சரி. வயிற்றில் நீர் கோத்தால் இன்றும் குறைக்கத்தான் சொல்கிறார்கள்.

"எடை நல்லாத்தானே ஏறுது?" என்றார் பாட்டி. அந்த எடையில் வயிற்று நீரும் வீங்கிய ஈரலும் அடக்கம். அதனால்தான் டாக்டர்கள் தராசை நம்பாமல் மேல்கையில் டேப் சுற்றி அளக்கிறார்கள். நீர் கோப்பது அங்கே குறைவு.

பிரெஞ்சில் ஈரலுக்கு 'ஃபுவா' என்று பெயர். அத்திப்பழம் ஊட்டிக் கொழுக்கவைத்த வாத்தின் ஈரலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இது எங்கே நினைவுக்கு வரப்போகிறது என்று நினைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் பாட்டி வாசலில் நின்று கூப்பிட்டார். குழந்தையின் கைச்சுற்று அரை சென்டிமீட்டர் கூடியிருக்கிறதாம். ஆபரேஷன் தேதி இன்னும் வரவில்லை.