சுகமில்லை என்று சொன்ன பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது?



ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பொய் வயிற்றுவலியை நன்றாகத் தெரியும். கணிதச் சோதனை நாளில் வரும். சோதனை முடிந்ததும் போய்விடும். அதைப் பிடிப்பதில் எங்களுக்கு நல்ல பயிற்சி உண்டு. ஆனால் இதற்கு நேர்மாறான பொய் ஒன்றும் வகுப்பறையில் இருக்கிறது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் உடம்பு கொதிக்கும். கேட்டால் "ஒன்றுமில்லை சேர்" என்று பிள்ளை சொல்லும். கல்விச் சுற்றுலாவுக்குப் போகும் காலையில் உம்மாவுக்குத் தெரியாமல் பெனடோல் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறும். முதல் பொய் ஒன்றிலிருந்து தப்புவதற்கு. இரண்டாவது பொய் ஒன்றை இழக்காமல் இருப்பதற்கு. முதல் பொய்யைக் கண்டால் ஏசுகிறோம். இரண்டாவதைக் கண்டால் பல நேரம் "கெட்டிக்காரன், காய்ச்சலோடும் வந்துவிட்டான்" என்று பாராட்டியும் விடுகிறோம்.

இந்தப் பழக்கம் பிள்ளைகளிடம் எங்கிருந்து வந்தது? வரலாற்றைப் பார்த்தால், பெரியவர்கள் போட்ட கணக்குகளிலிருந்தே வந்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

1862ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசாங்கம் பாடசாலைகளுக்கு மானியம் கொடுக்கும் முறையை மாற்றியது. பிள்ளைகளின் சராசரி வரவைப் பார்த்துத் தலைக்கு 4 ஷிலிங். வருடத்துக்கு ஒருமுறை பரிசோதகர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றையும் சோதிப்பார். மூன்றிலும் சித்தியடைந்த பிள்ளைக்கு மேலும் 8 ஷிலிங். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 ஷிலிங் 8 பென்ஸ் வெட்டு. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்று நாம் ஆசிரியர் கலாசாலையில் கல்வி வரலாறு படிக்கும்போது மனப்பாடம் செய்த முறை இதுதான். பரீட்சைக்கு இரண்டு புள்ளி கிடைக்கும் என்று படித்துவிட்டு மறந்து விடுகிறோம். ஆனால் அதன் உள்ளே ஒரு நோயாளிப் பிள்ளை இருக்கிறது.

பரிசோதகர் வரும் நாளில் வராத பிள்ளையால் பாடசாலைக்குப் பணம் நட்டம். பல இடங்களில் ஆசிரியரின் சம்பளமும் அந்தப் பணத்தில்தான் தங்கியிருந்தது. ஆகவே சுகமில்லாத பிள்ளைகளையும் அன்றைக்கு எப்படியாவது கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். குக்கல் இருமலோடு இருந்த பிள்ளைகளையும், உடம்பில் அம்மைக் கொப்புளங்களோடு வந்தவர்களையும், வாங்கில் இருக்க முடியாமல் தாயின் மடியில் சுருண்டு கிடந்த சின்னஞ்சிறுசுகளையும் பார்த்ததாகப் பரிசோதகர்களே அறிக்கையில் எழுத வேண்டியிருந்தது. ஒரு பிள்ளைக்காகக் கிடைத்த சில ஷிலிங்குகள் பக்கத்து வாங்குப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது தூரத்துக் கதையுமல்ல. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்த ஆண்டிலிருந்து உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளுக்கு இதே பெறுபேற்று முறையில்தான் பணம் கொடுக்கப்பட்டது. நமது வரவு இடாப்பில் சதவீதம் பார்க்கும் பழக்கத்துக்கு நீண்ட வேர் இருக்கிறது.

பணத்துக்குப் பிறகு பதக்கம் வந்தது. 1880களில் லண்டன் பாடசாலைச் சபை, வருடம் முழுவதும் ஒரு நாளும் தவறாமல், பிந்தாமல் வந்த பிள்ளைகளுக்குப் பதக்கம் வழங்கத் தொடங்கியது. நோக்கம் நல்லதுதான். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இழுத்துச் செல்லப்பட்ட ஏழைப் பிள்ளைகளை வகுப்பறைக்குள் வைத்திருக்க அது உதவியிருக்கும். ஆனால் காய்ச்சலால் வராமல் இருந்த ஒரு நாளும், வேண்டுமென்று வராமல் இருந்த ஒரு நாளும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். பத்து மாதம் ஒழுங்காக வந்த பிள்ளை பதினோராம் மாதத்தில் தலை சுற்றி எழும்பினால் என்ன செய்யும்? "பொய் சொல்" என்று அதற்கு யாரும் கற்பிக்கவில்லை. இடாப்பு கற்பித்தது. இன்றும் பரிசளிப்பு விழாவில் நாம் கொடுக்கும் நூறு வீத வரவுச் சான்றிதழ் அந்தப் பதக்கத்தின் பேரப்பிள்ளைதான்.

இதற்கு எதிரான பாடம் நமது வரலாற்றில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தாயிபிலிருந்து ஸகீஃப் கோத்திரத்தின் தூதுக்குழு மதீனாவுக்கு வந்தது. அந்தக் குழுவில் தொழுநோயாளி ஒருவர் இருந்தார். நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் கையைப் பிடித்து பைஅத் செய்வது என்றால், ஒரு மனிதரின் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சந்தர்ப்பம் வேறு ஏது? அதைத்தான் அவர் இழக்க இருந்தார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தியின்படி, அவருடைய பைஅத் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, அவர் திரும்பிச் செல்லலாம் என்று நபியவர்கள் ஆளனுப்பித் தெரிவித்தார்கள்.

இதில் எது முதலில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். "திரும்பிப் போ" என்பது பிறகுதான் வருகிறது. அதற்கு முன்னமே, உனக்குரியது உனக்குக் கிடைத்துவிட்டது என்ற உறுதி வந்துவிட்டது. மற்றவர்களின் பாதுகாப்பும் காக்கப்பட்டது. அந்த மனிதரின் பங்கும் குறையவில்லை. நோன்பின் சட்டமும் இதே ஒழுங்கில்தான் இருக்கிறது. நோயாளிக்கு வேறு நாட்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. அவருடைய நோன்பு தொலைந்து போகவில்லை. கூட்டாளிமாரிடம் "முப்பதும் பிடித்தேன்" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக வாந்தியையும் மயக்கத்தையும் மறைக்கும் சிறுவர்களுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

நமது காலத்துக்குக் கிட்டிய உதாரணம் ஒன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொன்னால் கண் விரியக் கேட்பார்கள். 1970 ஏப்ரல் 11ஆம் திகதி அப்பல்லோ 13 சந்திரனை நோக்கிப் புறப்பட இருந்தது. கென் மட்டிங்லி என்ற விண்வெளி வீரர் அதில் போக வேண்டியவர். புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், மாற்றுக் குழுவில் இருந்த சார்லி டியூக்குக்கு ருபெல்லா எனும் ஜேர்மன் சின்னமுத்து வந்தது. ஒரு நண்பரின் பிள்ளையிடமிருந்து அவருக்குத் தொற்றியிருந்தது. டியூக்கோடு சேர்ந்து பயிற்சி செய்தவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது மட்டிங்லிக்கு மட்டும் அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி இல்லை என்று தெரிந்தது. மாதக்கணக்கில் பயிற்சி செய்த பயணத்திலிருந்து கடைசி நேரத்தில் அவரை நிறுத்தி, ஜாக் ஸ்விகர்ட்டை அனுப்பினார்கள்.

மட்டிங்லிக்குக் கடைசிவரை ருபெல்லா வரவேயில்லை. கோபப்பட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனால் ஏப்ரல் 13ஆம் திகதி விண்கலத்தில் ஒட்சிசன் தாங்கி வெடித்து மூவரின் உயிரும் ஆபத்தில் இருந்தபோது, அவர்களைத் திருப்பிக் கொண்டுவர நிலத்திலிருந்து பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். இரண்டு வருடங்களுக்குப் பின், 1972 ஏப்ரலில், அவருக்கு அப்பல்லோ 16இல் இடம் கிடைத்தது. அதே பயணத்தில் போன இன்னொருவர் யார் தெரியுமா? நோயைக் கொண்டுவந்த அதே சார்லி டியூக். அவர் சந்திரனில் நடந்தார். நோய் வந்ததற்காக அவரை யாரும் தண்டிக்கவில்லை. நோய் வராமலேயே இடத்தை இழந்தவரையும் யாரும் மறக்கவில்லை.

நமது பிள்ளைகள் சந்திரனுக்குப் போகவில்லை. டெங்கு நுளம்பு உள்ள ஊர்களில் இருக்கிறார்கள். 2017இல் மட்டும் இந்த நாட்டில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு என்று பதிவானது; 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் தொடங்குகிறது. அதனால்தான் வைத்தியர் முதலில் கேட்பது, "காய்ச்சல் தொடங்கி எத்தனையாவது நாள்?" என்று. திங்கட்கிழமை தொடங்கிய காய்ச்சலைப் போட்டிக்காகப் புதன்கிழமை வரை மறைத்த பிள்ளை, வைத்தியரின் கணக்கில் இரண்டு நாட்களைத் திருடிவிடுகிறது. தாய் உண்மையைத்தான் சொல்வாள். ஆனால் அவளுக்குத் தெரிந்த உண்மை பிழையாக இருக்கும். காய்ச்சல் குறைந்ததும் வீட்டில் எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லும் வேளையில் பிள்ளையின் உடம்புக்குள் ஆபத்து தொடங்கியிருக்கலாம்.

ஆகவே "உண்மை பேசு" என்று உபதேசிப்பதோடு நமது வேலை முடிவதில்லை. உண்மை சொன்ன பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை வகுப்பில் உள்ள மற்ற முப்பத்தைந்து பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாடசாலையில் நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. வரவுச் சான்றிதழுக்கு நாட்களை எண்ணும்போது, பெற்றோர் அறிவித்த சுகவீன நாட்களைக் குறையாக எண்ணாமல் விடலாம். தவணைச் சோதனையைத் தவறவிட்ட பிள்ளைக்கு இன்னொரு நாளில் வினாத்தாள் கொடுக்கலாம். அஞ்சல் ஓட்டத்தில் ஓட முடியாமல் போனவரின் பெயரையும் இல்லத்தின் பட்டியலில் வைத்து, பரிசு வாங்கும்போது அவரையும் மேடைக்கு அழைக்கலாம். பிள்ளை வந்து "சுகமில்லை டீச்சர்" என்றால், முதல் வார்த்தை "இன்றைக்கா?" என்று வர வேண்டாம். "சொன்னது நல்லது மகன்" என்று வரட்டும். போட்டியைப் பற்றி அடுத்த நிமிடம் பேசலாம்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கல்யாண வீட்டுக்கோ பெருநாள் பயணத்துக்கோ புறப்படும் நேரத்தில் பிள்ளை சுகமில்லை என்றால், "உன்னால் எல்லாம் கெட்டது" என்று சொல்லாதீர்கள். அந்த வசனத்தைக் கேட்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாது. போக முடியாமல் போனதற்குப் பதிலாக எந்த நாள், எங்கே கூட்டிப்போவீர்கள் என்பதைச் சொல்லுங்கள். சொன்னால், கட்டாயம் செய்யுங்கள். பிள்ளைகள் நாம் கொடுத்த வாக்கைத் திகதியோடு ஞாபகம் வைத்திருப்பார்கள்.

இந்தத் தவணையிலும் விளையாட்டுப் போட்டி வரும், மழையும் வரும், காய்ச்சலும் வரும். உங்கள் வீட்டிலும் வகுப்பிலும் சுகமில்லை என்று சொன்ன பிள்ளைக்குக் கடைசியாக என்ன கிடைத்தது என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.