வெள்ளைப் பாதை வீடு

"மலருக்கு ஒரு கட்டுரை கொடுடா" என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு எழுத்தெல்லாம் எங்கே வரும் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. எனவே நண்பர்களே, கம்பெனி வேலையாகச் சீனாவின் குவாங்சோ நகருக்குப் போனபோது பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்குள்ள சுன் யாட்-சென் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு செங்கல் வீடு. அதன் முன்னால் வெள்ளையாக ஒரு சிமெண்ட் பாதை. வரலாற்றுப் பேராசிரியர் சென் யின்கே (1890–1969) அங்கே குடியிருந்தார். பெர்லினிலும் ஹார்வர்டிலும் படித்தவர், சம்ஸ்கிருதமும் கற்றவர். ஆனால் அங்கெல்லாம் பட்டம் எதுவும் வாங்கவில்லை! 1940களில் பார்வை போய்விட்டது. கொஞ்சம் வெளிச்சம் மட்டும் தெரியும் என்பதால் அவருக்காகவே போட்டுக் கொடுத்த பாதை அது.

1953இல் பெய்ஜிங்கில் ஒரு வரலாற்று ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை ஏற்க அழைப்பு வந்தது. அங்கே மார்க்சியத்தைப் பின்பற்ற வேண்டும், அரசியல் வகுப்பில் உட்கார வேண்டும் என்ற கட்டாயம் இருக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார். கடைசிவரை போகவே இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஆராய எடுத்துக்கொண்டது யாரைத் தெரியுமா? லியூ ருஷி என்ற 17ஆம் நூற்றாண்டுக் கணிகையை. நல்ல கவிஞர். 1645இல் நான்ஜிங் நகரம் மஞ்சுப் படையிடம் சரணடைந்தபோது, சரணடைந்த அதிகாரிகளில் அவருடைய கணவரான அறிஞர் சியென் சியென்யியும் ஒருவர். லியூ ருஷியோ மஞ்சு ஆட்சியை எதிர்த்தவர்கள் பக்கம் நின்றார். அந்தக் காலத்துக் கவிதைகளில் ஒளிந்திருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உதவியாளர் படிக்கக் கேட்டு, வாயால் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார் சென். 1962இல் கால் வேறு முறிந்தது. 1964இல் முடித்தபோது சுமார் 8 லட்சம் எழுத்துகள்!

ஆட்சி மாறினால் படித்தவர்களில் யார் வளைகிறார்கள், யார் நிமிர்ந்து நிற்கிறார்கள்? புத்தகம் கேட்பது இதைத்தான். நம்ம பாஷையில் சொன்னால் பழைய கவிதைதான் கேரியர் அலை; செய்தி அதன்மேல் ஏறி வருகிறது. ட்யூன் செய்யத் தெரிந்தவனுக்குக் கேட்கும்.

சிக்கலும் அதுதான். எதிராளியிடமும் ரிசீவர் உண்டு. பெய்ஜிங் துணை மேயராக இருந்த வரலாற்று ஆசிரியர் வு ஹான், மிங் காலத்து நேர்மையான அதிகாரி ஹாய் ருய் பதவி இழந்ததை நாடகமாக எழுதினார். 1961இல் அது மேடையேறியது. மாவோவைத்தான் மறைமுகமாகத் தாக்குகிறார் என்ற குற்றச்சாட்டு பின்னால் கிளம்பியது. 1965 நவம்பரில் ஷாங்காய் பத்திரிகை ஒன்றில் வந்த கண்டனக் கட்டுரை கலாசாரப் புரட்சிக்கே வெடிமருந்தானது. வு ஹான் 1969 அக்டோபரில் சிறையில் இறந்தார்.

அதே அக்டோபரில்தான் சென் யின்கேயும் போய்ச் சேர்ந்தார். அதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒலிபெருக்கி கட்டி அந்தக் குருட்டு மனிதரின் காதில் வசைகளைக் கொட்டினார்கள். 45 நாள் கழித்து மனைவியும் இறந்தார். லியூ ருஷி புத்தகம் வெளிவந்தது 1980இல்தான்.

தன் புத்தகத்தை அச்சில் தொட்டுப் பார்க்கவும் அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. யாராவது ஒருநாள் படிப்பார்கள் என்ற நம்பிக்கை மட்டும் இல்லாமல் பத்து வருஷம் உழைத்திருக்க முடியுமா? அந்த வெள்ளைப் பாதையில் நானும் நாலு அடி நடந்து பார்த்தேன். போட்டோ இருக்கிறது, சந்திப்பு நாளன்று காட்டுகிறேன்.