குமிழி திறந்த வாயில்

நிலையாமையை உணர்த்த வந்த தமிழ்ப் புலவர்கள் நீர்க்குமிழியை உவமை காட்டினர். கணத்தில் மறையும் அக்குமிழிக்கு உலோகத்தையும் அரிக்கும் ஆற்றல் உண்டு என்பதை உலகிற்கு உணர்த்தியவை கப்பல்களே. நீராவிக் கப்பல்களை உந்தும் விசிறிகள் விரைந்து சுழன்றபோது நீரில் குமிழிகள் தோன்றின. அவை சரிந்து ஒடுங்கிய இடங்களில் உலோகம் குழி விழுந்தது. அவ்வாறு ஒடுங்கும் குமிழியில் எழும் அழுத்தத்தை 1917ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் இராலே பிரபு கணக்கிட்டார். அதே போர்க்காலத்தில் பிரான்சு நாட்டின் பால் இலாஞ்செவன், நீர்மூழ்கிகளைக் கண்டறிவதற்காகச் செவிக்கு எட்டாத மீயொலியைக் கடலுள் செலுத்தினார்.

போருக்குப் பிறந்த மீயொலி, பின்னர் உடலின் உட்புறத்தைக் காட்டும் கண்ணாயிற்று. 1968இல் கிராமியாக், ஷா என்னும் அமெரிக்க மருத்துவர்கள், இதயப் பகுதியில் நீர்மத்தைச் செலுத்தியபோது மீயொலிப் படத்தில் மேகம்போல் எதிரொலி திரள்வதை அறிவித்தனர். நீர்மத்தோடு சென்ற நுண்ணிய காற்றுக் குமிழிகளே அதற்குக் காரணம். 1990களில், புரதத்தால் உறையிடப்பட்டுச் செங்குருதி அணுவினும் சிறியனவாய் அமைந்த குமிழிகள் மருத்துவமனைகளுக்கு வந்தன.

அக்காலத்தில் மரபணு மருத்துவம் வேறொரு தடையின்முன் நின்றது. நலந்தரும் மரபணு கையில் இருந்தும், உயிரணுவின் சுவ்வைக் கடந்து அதனை உட்செலுத்துவது அரிதாயிற்று. வைரஸே பெரும்பாலும் அதனைச் சுமந்து சென்றது. 1999இல் பிலடெல்பியாவில் அத்தகைய ஆய்வுக்கு உடன்பட்ட 18 வயது இளைஞர் ஒருவர், அவ்வைரஸை எதிர்த்து உடலில் எழுந்த கடும் விளைவால் உயிர் நீத்தார். வேறு வழி தேடும் முயற்சிகள் வலுப்பெற்றன.

அவ்வழிகளுள் ஒன்று முன்பே புலப்பட்டிருந்தது. மீயொலியால் உயிரணுக்களுள் மரபணுவைப் புகுத்தலாம் என்பதை 1987இல் ஆய்வாளர் காட்டியிருந்தனர். நுண்குமிழிகள் அம்முறைக்குத் துணையாயின. மெல்லிய ஒலியில் குமிழி விரிந்து சுருங்கி, அருகிலுள்ள சுவ்வை அசைக்கிறது. வல்லொலியில் உடைந்து, அதில் நுண்துளை இடுகிறது. துளை மூடுமுன் மரபணு உள்ளே நுழைகிறது. ஒலி குவியும் இடத்தில் மட்டுமே இது நிகழ்வதால், வேண்டிய உறுப்பைத் தேர்ந்துகொள்ள முடிகிறது.

2006இல் எலிகளின் கணையத்தில், வைரஸின் துணையின்றி, மனித இன்சுலின் மரபணு இவ்வாறு செயற்பட்டது. 2017இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், தானாகக் கூடாத எலும்பு இடைவெளி கொண்ட சிறுவகைப் பன்றிகளுக்கு எலும்பை வளர்க்கும் மரபணுவை இம்முறையில் அளித்தனர். எட்டே வாரங்களில் எலும்பு கூடிற்று.

எனினும் இது இன்னும் மனிதருக்குரிய வழக்கமான மருத்துவமாகவில்லை. உட்புகும் மரபணுவின் அளவு பல வேளைகளில் வைரஸ் முறையினும் குறைவு; அதனைக் கூட்ட ஒலியை மிகுத்தால் உயிரணு மடியும், நுண்குழாய்களில் குருதி கசியும். விசிறியை அரித்த ஆற்றலே இங்கும் வாயில் திறக்கிறது. அதன் அளவை அறிவதில்தான் நோயுற்றோரின் நம்பிக்கை அடங்கியுள்ளது.